பங்கும் பங்காளரும்

தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிவரும் சொற்களுள் 'பங்கு' என்பது ஒன்று. ஒரு குருவானவரின் பொறுப்பில் அமைந்த கோயிலையும், அதனைச் சார்ந்த ஊர்களையும், அவ்வூர்களில் வாழும் விசுவாசிகளையும் ஒருங்கே குறிப்பதற்கு இச்சொல் பயன்படுகின்றது. 'நீங்கள் எந்தப் பங்கு?' என்று கேட்டால் ஓர் ஊரின் பெயரோ, ஒரு கோயிலின் பெயரோ விடையாக வரும். ஆயினும் அதே சொல்லை நாம் அன்றாட வாழ்விலே வேறொரு பொருளிலும் ஆளுகின்றோம். தந்தையின் காணியிலே பிள்ளைக்கு உரியது பங்கு. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பலருக்கு ஒரே கிணற்றிலே முறைவைத்து நீரிறைக்கும் உரிமை பங்கு. கரைவலையில் அகப்பட்ட மீனிலே சம்மாட்டியாருக்கு ஒரு பங்கு, வலையிழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. இவ்வாறு எல்லையைக் குறிக்கும் சொல்லும் உரிமையையும் கடமையையும் குறிக்கும் சொல்லும் தமிழிலே ஒன்றாய் அமைந்துவிட்டன.

இன்றைய பேச்சிலே, ஒரு கத்தோலிக்கப் பங்கின் சமய வாழ்வும் சமூக வாழ்வும் எவ்வாறு பின்னிக் கிடக்கின்றன என்பதை, நமது நாட்டின் வடபுலத்து வரலாற்றைச் சான்றாகக் கொண்டு ஆராய விரும்புகின்றேன். ஒரு பங்கைப் பங்காக நிலைநிறுத்துவது யாது? குருவானவரா, கட்டடமா, நிலப்பரப்பா, அல்லது வேறு ஏதேனுமா? இக்கேள்வி ஏட்டளவில் எழுந்த கேள்வியன்று. குருவானவர் இல்லாத காலமும், கட்டடமும் நிலமும் இழந்த காலமும், கூடி வழிபடவே முடியாத காலமும் நம் மக்களுக்கு நேர்ந்தன. அக்காலங்களே இக்கேள்விக்கு விடை கூறத் தக்கவை.

முதலிலே திருச்சபையின் சட்டம் கூறுவதைச் சுருக்கமாக நோக்குவோம். மேனாட்டு மொழிகள் பலவற்றில் பங்கைக் குறிக்கும் சொல், 'பரோய்க்கியா' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. அயலிலே வந்து தங்கியிருத்தல், வேற்றூரிலே குடியிருத்தல் என்பன அதன் பொருள். ஆதிக் கிறிஸ்தவர்கள் தம்மை இவ்வுலகில் நிலையான குடிகளாகக் கருதாமல், வழியிலே தங்கிச் செல்வோராகக் கருதினர் என்பதற்கு இச்சொல்லே சான்று. காலஞ் செல்லச் செல்ல, தங்கிச் செல்வோரின் கூட்டம் எல்லை வகுத்த நிலப்பகுதியாக மாறிற்று. 1545 முதல் 1563 வரை நடைபெற்ற திரிதெந்தின் பொதுச்சங்கம், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானப் பதிவேடும் விவாகப் பதிவேடும் வைத்திருக்க வேண்டும் எனக் கட்டளையிட்டது. 1917ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டத்தொகுப்பு, மேற்றிராசனத்தின் நிலப்பரப்பைப் பகுதிகளாகப் பிரித்து அமைப்பதையே பங்கு எனக் காட்டியது. 1983ஆம் ஆண்டின் புதிய சட்டத்தொகுப்போ அதன் 515ஆம் விதியிலே, பங்கு என்பது விசுவாசிகளின் ஒரு சமூகம் என வரையறுத்தது. நிலம் பின்னுக்குச் சென்று மக்கள் முன்னுக்கு வந்தனர். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சிந்தனை இம்மாற்றத்திற்கு வழிகோலிற்று என்பர். ஆனால் நம் நாட்டுச் சரித்திரத்தைப் பார்க்கும்போது, இவ்வுண்மையைச் சட்டம் எழுதிவைப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே எளிய மக்கள் வாழ்ந்து காட்டிவிட்டனர் என்பது புலனாகும்.

1658ஆம் ஆண்டிலே மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைப்பட்டன. போர்த்துக்கேயக் குருமார் நாட்டைவிட்டு அகற்றப்பட்டனர். கத்தோலிக்கக் குருவானவர் ஒருவருக்கு வீட்டிலே இடங்கொடுப்பவருக்கு மரண தண்டனை என ஆணை பிறந்தது. கோயில்கள் ஒல்லாந்தரின் சீர்திருத்தச் சபைக்கு உரியவாயின. பிள்ளைகளின் ஞானஸ்நானமும் விவாகமும் அச்சபையிலேயே நடத்தப்பட்டுத் தோம்பிலே பதியப்படவேண்டும். பதியாவிட்டால் முதுசம் முதலிய உரிமைகளுக்குக் கேடு வரும். இத்தகைய நெருக்கடியிலே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், இந்நாட்டில் ஒரு கத்தோலிக்கக் குருவானவர்தானும் இல்லாமல் மக்கள் வாழ்ந்தனர்.

பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, நன்மை வாங்க வழியில்லை, இறப்பவருக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை. இந்நிலையில் ஒரு சமயம் இரண்டு தலைமுறைக்குள் மறைந்துபோதல் இயல்பு. அவ்வாறு மறையாதிருந்ததற்கு வீடுகளே காரணம். தாய்மார் பிள்ளைகளுக்குச் செபங்களை வாய்ப்பாடமாகச் சொல்லிக் கொடுத்தனர். இரவிலே கதவடைத்துச் செபமாலை சொல்லப்பட்டது. மாந்தையிலிருந்த தேவமாதாவின் சுரூபத்தை, 1670ஆம் ஆண்டளவில் இருபது குடும்பத்தினர் எடுத்துக்கொண்டு வன்னிக் காட்டினுள்ளே மருதமடுவில் குடியேறினர் என்பது வழிவழி வந்த வரலாறு. இன்று இலட்சக் கணக்கானோர் யாத்திரை செல்லும் மடுத் திருப்பதியின் தொடக்கம், அஞ்சி ஓடிய இருபது குடும்பங்களின் மூட்டையிலே இருந்தது.

1687ஆம் ஆண்டில், கோவையைச் சேர்ந்த யோசேவ் வாஸ் என்னும் முப்பத்தாறு வயதுக் குருவானவர், யோவான் என்னும் உதவியாளனுடன் தூத்துக்குடியிலிருந்து புறப்பட்டு யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கோவை என்று ஈண்டு யான் குறிப்பது மேல்கரையிலுள்ள கோவாப் பட்டினத்தை. குருவின் உடையணியாது கூலியாளின் கந்தையுடன் வந்தமையால் அவரை எவரும் அறிந்திலர். கடற்பயணத்தில் நோயுற்று, உணவின்றி வழியோரத்திலே கிடந்த அவருக்கு ஏழைப் பெண்ணொருத்தி கஞ்சி கொடுத்துக் காத்தாள் என அவரது சரித்திரம் கூறுகின்றது. நோய் தீர்ந்தபின் அவர் கழுத்திலே செபமாலையை வெளியே தெரியுமாறு அணிந்துகொண்டு, வீடுவீடாகப் பிச்சை கேட்டுச் சென்றார். அம்மாலையைக் கண்டு எவர் முகம் மாறுகின்றது என்பதைக் கவனித்தே கத்தோலிக்கரைக் கண்டுகொண்டார். பின்னர் அவர் சில்லாலைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். அவ்வூர் மக்கள் அவரை மறைத்து வைத்துக் காத்தனர். பகலிலே மறைந்தும் இரவிலே ஊரூராய்ச் சென்றும் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக அவர் தொண்டாற்றினார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே யாழ்ப்பாணத்தில் வழிபாட்டிற்காகக் கூடியிருந்தோர் பிடிபட்டுச் சிறைப்பட்டனர். சிலர் சிறையிலேயே மாண்டனர். அடிகளார் தப்பிப் புத்தளம் வழியாகக் கண்டி இராச்சியம் சென்றார்.

நேயர்களே, இவ்வரலாற்றிலே நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. யோசேவ் வாஸ் அடிகளார் தாம் சென்ற ஊர்களிலெல்லாம் இரண்டு பொறுப்பாளரை ஏற்படுத்தினார். ஒருவர் மூப்பர், மற்றவர் அண்ணாவியார். கோயிலின் காரியங்களையும் மக்களின் ஒழுங்கையும் மூப்பர் கவனித்தார். செபங்களை நடத்துதல், பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் கற்பித்தல், ஆபத்து வேளையில் ஞானஸ்நானம் கொடுத்தல், இறந்தவரை முறைப்படி அடக்கஞ் செய்தல் ஆகியவை அண்ணாவியாரின் கடமைகளாயின. குருவானவர் ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோதான் வருவார். எஞ்சிய மாதங்களிலே பங்கை நடத்தியவர்கள் இவ்விருவருமே. தோட்டக்காரரும் கடற்றொழிலாளரும் ஆகிய இவர்கள் தம் வேலைக்கு இடையே இப்பணியைச் செய்தனர். பங்கு குருவானவருக்கு மட்டும் உரியதன்று, எல்லோர்க்கும் அதிலே பங்குண்டு என்னும் கொள்கையை அவர்கள் எழுதிவைக்கவில்லை, செய்து முடித்தனர்.

அடிகளாரின் பின்வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் 1705ஆம் ஆண்டில் இலங்கை வந்தார். சிங்களமும் தமிழும் கற்று இரு மொழிகளிலும் நூல்கள் பல எழுதினார். அவர் தமிழில் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' தபசு காலத்திலே மக்கள் கூடிப் படிக்கும் நூலாயிற்று. குருவானவர் இல்லாத ஊரிலும் நூல் இருந்தது. படிப்பதற்கு ஓர் அண்ணாவியார் இருந்தார். கேட்பதற்கு ஊர் இருந்தது. ஆகவே பெரிய வெள்ளிக்கிழமை வெறுமையாய்க் கழியவில்லை.

ஆங்கிலேயர் ஆட்சி வந்தபின், 1806ஆம் ஆண்டு மே மாதத்திலே கத்தோலிக்கருக்கு எதிரான சட்டங்கள் நீக்கப்பட்டன. 1847ஆம் ஆண்டில் அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் இந்நாட்டிற்கு வந்தனர். யாழ்ப்பாணம் தனி மேற்றிராசனமாயிற்று. பள்ளிக்கூடங்களும் அநாதைச் சாலைகளும் அச்சுக்கூடமும் எழுந்தன. 1876ஆம் ஆண்டிலே 'சத்திய வேத பாதுகாவலன்' என்னும் பத்திரிகை தோன்றிற்று. மறைந்திருந்த பங்கு வெளிப்படையான பங்காயிற்று. நெடுங்காலம் கழித்து 1981ஆம் ஆண்டிலே மன்னாரும் தனி மேற்றிராசனமாக அமைக்கப்பட்டது.

அவ்வாறு வெளிப்படையாக நின்ற ஒரு கரையோரப் பங்கின் வாழ்வை இப்போது சிறிது நோக்குவோம். விடியுமுன் கோயில் மணி ஒலிக்கும். கடலுக்குச் செல்பவர்க்கும் அதுவே நேரங்காட்டி. நண்பகலிலும் மாலையிலும் மணி ஒலிக்க, கையிலுள்ள வேலையை நிறுத்தித் திரிகாலச் செபஞ் சொல்லுவர். துக்க மணி ஒலித்தால் எவர் வீட்டிலே இழவு என்று ஊர் முழுவதும் வினவும். சிறிது நேரத்திலே பந்தலுக்குக் கம்பும் கிடுகும் வந்துசேரும். சேமக்காலையிலே குழி வெட்ட ஆட்கள் புறப்படுவர். அயலவர் வீட்டு அடுப்பிலே துக்க வீட்டாருக்கு உணவு சமைக்கப்படும். இவற்றை எவரும் கட்டளையிடுவதில்லை. இன்று நான் அவனுக்குச் செய்வதை நாளை அவன் எனக்குச் செய்வான் என்னும் கணக்கும் இதிலே உண்டு. இறந்தவரை அடக்கஞ் செய்தல் இரக்கச் செயல்களுள் ஒன்று என்னும் போதனையும் உண்டு. இரண்டையும் பிரித்தெடுத்தல் அரிது.

கடலிலே பெற்ற மீனிலும் ஒரு பகுதி கோயிலுக்கென ஒதுக்கப்படுவது கரையோர ஊர்களின் பழைய வழக்கம். அவ்வருமானத்தால் எழுந்த கோயில்கள் பல. பெரிய கற்கோயில்களைக் கண்டு வியக்கும் வழிப்போக்கர், அவ்வூரிலுள்ள சிறு குடில்களையும் கண்டு, 'இவ்வளவு வறிய மக்கள் இவ்வளவு பெரிய கோயிலைக் கட்டியது ஏன்?' என்று வினவுவதுண்டு. தமக்கெனத் தனித்தனியே பெரிதாய் ஒன்றும் கட்ட இயலாத மக்கள், எல்லோர்க்கும் பொதுவாக ஒன்றைப் பெரிதாகக் கட்டினர் என்பதே விடை. புயல் வரும்போது அவர்கள் ஓடிச்சென்று ஒதுங்கியதும் அங்கேதான்.

கலை வாழ்வும் இங்ஙனமே பங்கைச் சார்ந்து வளர்ந்தது. வடபுலத்துக் கத்தோலிக்க ஊர்களிலே நாட்டுக்கூத்து செழித்தது. அர்ச்சிஷ்டர்களின் சரித்திரங்களும் வேதாகமக் கதைகளும் ஞானசௌந்தரி போன்ற கதைகளும் ஆடப்பட்டன. கூத்தைப் பழக்குபவருக்கும் அண்ணாவியார் என்றே பெயர். செபம் சொல்லிக் கொடுத்தவரின் பெயரையே கூத்துப் பழக்கியவரும் தாங்கினார் என்பது கருதத் தக்கது. பல மாதங்கள் இரவிரவாக ஒத்திகை நடக்கும். எழுத்தறியாதவரும் நூற்றுக்கணக்கான பாடல்களை மனனஞ் செய்வர். பகையாயிருந்த இருவர் ஒரே கொட்டகையில் அரசனும் மந்திரியுமாக நிற்கநேர்ந்து பேசிக்கொள்வதும் உண்டு. தபசு காலத்திலே யேசுநாதரின் பாடுகளைச் சுரூபங்களைக் கொண்டு காட்டும் பாஸ் என்னும் காட்சி மன்னார்ப் பகுதியில் பெயர்பெற்றது. 1965ஆம் ஆண்டிலே மரிய சேவியர் அடிகளார் யாழ்ப்பாணத்தில் நிறுவிய திருமறைக் கலாமன்றம் இக்கலைகளைப் பங்கின் முற்றத்திலிருந்து நாட்டின் பொது அரங்கிற்குக் கொண்டுசென்றது.

இங்ஙனம் கூறும்போது, பங்கு வாழ்வு குறையற்றது என்று நான் சொல்வதாக எவரும் கருதவேண்டாம். குறையை மறைத்துப் பேசுவது பேச்சுக்கு அழகாகலாம், உண்மைக்கு அழகாகாது. யாழ்ப்பாணத்திலே ஒரே சமயத்தவர் சாதிக்கொரு கோயிலாகப் பிரிந்து நின்றமை யாவரும் அறிந்தது. ஒரே அப்பத்திலே பங்குகொள்வோர் ஒரே வாங்கிலே இருக்க மறுத்தனர். திருவிழாவிலே கூட்டைத் தூக்கும் உரிமை எவர்க்கு, நவநாள்களிலே எந்த நாள் எப்பகுதியார்க்கு, கொடியேற்றத்தன்று முன்னே நிற்பவர் யார் என்னும் பிணக்குகள் நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு. 'பங்கு' என்னும் சொல்லின் மற்றொரு முகம் இது. பங்கு என்றால் பகிர்வும் வரும். பங்காளிச் சண்டையும் வரும். எனது பங்கு எவ்வளவு என்று அளப்பவன், அயலவனின் பங்கு அவனுக்குச் சேர்ந்ததா என்று பார்க்க மறக்கின்றான். இக்குறை முற்றாக நீங்கிவிட்டது என்று சொல்ல இயலாது. எனினும், பின்னர் வந்த பெருந்துன்பங்கள் அவ்வேலிகள் பலவற்றைப் பிடுங்கி எறிந்தன.

அத்துன்பங்களை ஈண்டுச் சுருக்கியே கூறுகின்றேன். 1990ஆம் ஆண்டிலே போர் காரணமாக வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களை விட்டு நீங்கினர். மயிலிட்டியைப் போன்ற வளமிக்க கடற்றொழில் ஊர்கள் வெறுமையாயின. 1995ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள், நவாலியில் அர்ச். இராயப்பர் கோயிலிலே தஞ்சம் புகுந்திருந்தோர் மீது விமானக் குண்டுகள் வீழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியிலே வலிகாமம் முழுவதும் ஏறத்தாழ ஓர் இரவிலே இடம்பெயர்ந்தது. 1999ஆம் ஆண்டு நவம்பரிலே, அகதிகளின் புகலிடமாய் விளங்கிய மடுத் திருப்பதியிலேயே எறிகணைகள் வீழ்ந்து ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். 2008ஆம் ஆண்டிலே மடுமாதாவின் சுரூபமே மீண்டும் இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சில மாதங்களின் பின் திரும்பி வந்தது. 1670இல் மூட்டையிலே சென்ற சுரூபம் 2008இலும் மக்களைப்போலவே வழிநடந்தது.

நிலம் இல்லை, கோயிலை அணுக இயலாது, அப்போது பங்கு எங்கே இருந்தது? இடம்பெயர்ந்த மக்கள் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் சிதறி வாழ்ந்தனர். ஆயினும் தம் பாதுகாவலரின் திருநாள் வந்தபோது வேற்றூர்க் கோயிலொன்றிலே கூடினர். மரித்தோர் பெயரைச் சொல்லி மன்றாடினர். பிறந்த பிள்ளைகளுக்குப் பழைய பங்கின் பெயராலேயே ஞானப் பெற்றோரைத் தேடினர். முடிந்த இடங்களிலே குருமார் பதிவேடுகளைத் தம்முடன் எடுத்துச் சென்றனர். வேறு சில இடங்களில் அவை அழிந்தன. திரிதெந்தின் சங்கம் விதித்த அவ்வேடுகளின் அருமை அப்போதுதான் பலர்க்கு விளங்கிற்று. பிறப்புச் சான்றிதழை இழந்த ஒருவர்க்கு, தாம் இன்னார் பிள்ளை, இன்ன ஊரார் என்று காட்டுவதற்கு ஞானஸ்நானப் பதிவு துணைச் சான்றாயிற்று. ஒருவனுடைய பெயரை எழுதிவைத்துக் காப்பதும் பங்கின் கடமைகளுள் ஒன்றே. 2017ஆம் ஆண்டு ஜூலையிலே மயிலிட்டித் துறைமுகமும் அதனைச் சார்ந்த நிலமும் விடுவிக்கப்பட்டபோது, இருபத்தேழு ஆண்டுகளின் பின் ஊர் திரும்பியோர் பலர்க்குத் தம் வளவின் எல்லை தெரியவில்லை. தம் அயலவர் யார் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

இனி மூன்றாவது சோதனை. 2019ஆம் ஆண்டு ஏப்பிரல் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடை அர்ச். அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி அர்ச். செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும், கொழும்பு விடுதிகளிலும் நிகழ்ந்த குண்டுவெடிப்புகளில் 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். மறுவாரம் ஞாயிறன்று கோயில்களில் பூசை நடைபெறவில்லை; பேராயர் நிறைவேற்றிய பூசையை மக்கள் வீட்டிலிருந்தே தொலைக்காட்சியிற் கண்டனர். அடுத்த ஆண்டிலே கொள்ளைநோயின் காரணமாகக் கதவுகள் மீண்டும் அடைபட்டன. ஒல்லாந்தர் காலத்துத் தாய்மார் செய்ததையே இக்காலத் தாய்மாரும் செய்ய நேர்ந்தது. விளக்கேற்றி, பிள்ளைகளைச் சுற்றி அமர்த்தி, வீட்டிலே செபித்தனர். குண்டு வெடித்த கொச்சிக்கடையிலே, அதே ஆண்டு ஜூன் மாதத்தில் கோயில் திறக்கப்பட்டபோது, பல சமயத்தவரும் முன்போலவே அந்தோனியாரிடம் வந்தனர். அவர்களை எவரும் 'நீங்கள் எந்தப் பங்கு?' என்று கேட்கவில்லை.

இச்செய்தி மற்றொரு கருத்தையும் நினைவூட்டுகின்றது. பங்கின் வேலி பங்கிலுள்ளோர்க்கு மட்டும் உரியதாக இருத்தல் தகுமா? 1697ஆம் ஆண்டில் கண்டி நகரிலே வைசூரி பரவியபோது, அரசனும் செல்வரும் நகரை விட்டு நீங்கினர். யோசேவ் வாஸ் அடிகளாரும் அவருடைய மருமகனாகிய கார்வாலோ அடிகளாரும் அங்கேயே தங்கி, கைவிடப்பட்ட நோயாளருக்கு உணவும் மருந்தும் கொடுத்து, இறந்தவரை அடக்கஞ் செய்தனர். அந்நோயாளருள் மிகப் பலர் பௌத்தர். அடிகளார் அவர்களிடம் சமயம் வினவவில்லை. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே அவர் உயிர்நீத்தார். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் கொழும்புக் காலிமுகத்திடலிலே பாப்பரசர் பிரான்சிஸ் அவரை அர்ச்சிஷ்டராக அறிவித்து, அன்று பிற்பகலே மடுவுக்கும் சென்றார். மடுத் திருப்பதிக்குத் தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரும் அல்லாதோரும் சென்று வருகின்றமை அத்தொண்டின் நிழல் எனலாம்.

நேயர்களே, இன்று நம் பங்குகள் எதிர்நோக்கும் சோதனை வேறொரு வகையினது. குருவானவர் உண்டு; கோயில் உண்டு; கூடுவதற்குத் தடையில்லை. மக்களே குறைந்து வருகின்றனர். பிள்ளைகள் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் வாழ்கின்றனர். அவர்கள் அன்போடு அனுப்பும் பணத்தால் கோயில்கள் புதுப்பிக்கப்படுகின்றன, கோபுரங்கள் உயர்கின்றன, திருவிழாவிலே மின்விளக்குகள் பெருகுகின்றன. இவை நல்லனவே. ஆனால் மூத்த தாயொருத்தி இரவிலே நோயுற்றால் அவளை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்பவர் யார்? துக்க வீட்டிலே சவப்பெட்டியைத் தூக்க நான்கு தோள்கள் உண்டா? வெளிநாட்டிலிருந்து பணத்தை அனுப்பலாம். தோளை அனுப்ப இயலாது. கிடுகும் கம்பும் கொண்டு ஓடிவந்த ஊர், இன்று கூலிக்குப் பந்தல் அமர்த்துகின்றது. கூலிக்கு அமர்த்துவதிலே குற்றமில்லை. எனினும் பந்தற்காரன் பந்தலைக் கழற்றிச் சென்றபின், துக்க வீட்டிலே அன்றிரவு துணைக்கு இருப்பவர் எவர் என்பதே கேள்வி.

ஆதலின், ஒரு பங்கு உயிருள்ளதா என்பதை அறிவதற்கு மூன்று எளிய அடையாளங்களைக் கூற விரும்புகின்றேன்.

முதலாவது, அப்பங்கிலே படுக்கையிற் கிடப்போரின் பெயர்கள் எவர்க்கேனும் தெரியுமா? அர்ச். வின்சென்ட் டி போல் சபையினர், மரியாயின் சேனையினர் போன்றோர் வீடு வீடாகச் செல்லும் வழக்கம் இதற்கெனவே ஏற்பட்டது. 1833ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து மாணவர் சிலர் தொடங்கிய வின்சென்ட் சபையின் முதல் வேலை, ஏழைகளின் வீட்டுக்குச் சென்று அவர்களைக் காண்பதே. பணங்கொடுத்தல் அதற்குப் பின்னர் வந்தது. கூட்டக் குறிப்பேடு மட்டும் நிறைந்து நடை குறைந்துவிட்டால் சபை இருந்தும் இல்லாததே.

இரண்டாவது, பங்கின் வரவுசெலவு எல்லோர்க்கும் தெரிகின்றதா? 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, ஒவ்வொரு பங்கிலும் பொருளாதாரக் குழு ஒன்று இருத்தல் வேண்டும் என்று கட்டாயமாக விதிக்கின்றது. அருட்பணிச் சபையோ ஆலோசனை கூறும் உரிமையுடையது. பழைய மூப்பரும் அண்ணாவியாரும் செய்த வேலையை இன்று இக்குழுக்கள் செய்யவேண்டியுள்ளன. கணக்கு வெளிப்படையாக இருக்கும் இடத்திலே ஐயம் குறையும். ஐயம் குறைந்த இடத்திலே பிணக்கும் குறையும். குழுவிலே இடம்பெறுவது மரியாதைக்காக என்று கருதப்படும் ஊரிலே திருவிழா நடக்கும், பங்கு நடக்காது. இக்குழுக்களிலே பெண்களுக்கும் இளைஞருக்கும் உண்மையான இடமளித்தலும் வேண்டும். முப்பது ஆண்டுக் காலம் விசுவாசத்தைக் காத்தவர்கள் தாய்மார் என்பதை மறத்தல் நன்றிகேடாகும்.

மூன்றாவது, அயலிலே வாழும் சைவரும் இஸ்லாமியரும் பௌத்தரும் அப்பங்கினால் ஏதேனும் நன்மை பெறுகின்றனரா? வெள்ளம் வந்தால் கோயில் மண்டபத்தின் கதவு அவர்களுக்குத் திறக்குமா? அவர்களின் துக்க வீட்டிலே நம் இளைஞர் நிற்பரா? கஞ்சி கொடுத்து யோசேவ் வாஸ் அடிகளாரைக் காத்த அப்பெண், தன் முன்னே கிடந்தவன் குருவானவன் என்றோ, பிற்காலத்தில் அர்ச்சிஷ்டனாவான் என்றோ அறியாள். பசித்துக் கிடந்த ஒருவனுக்குத் தன் கஞ்சியிலே ஒரு பங்கைக் கொடுத்தாள். அவளுடைய பெயரை நாம் அறியோம். எனினும் இவ்வடபுலத்திலே மீண்டும் எழுந்த பங்குகள் அனைத்திற்கும் அவளுடைய அடுப்பிலும் ஒரு தொடக்கம் உண்டு.

குருவானவர் இல்லாத காலத்திலும், நிலமும் கோயிலும் கைவிட்டுப்போன காலத்திலும், கூட இயலாத காலத்திலும் பங்கு அழியவில்லை. ஒருவர் துன்பத்திலே மற்றொருவர் தமக்கும் பங்குண்டு எனக் கருதியவரை அது நிலைத்தது. அக்கருத்து நம்மிடம் இருக்குமாயின், ஊரிலே எஞ்சியிருப்போர் சிலரேயாயினும் பங்கு இருக்கும். இன்று மாலை மணியோசை கேட்கும்போது, நம் தெருவிலே தனித்திருக்கும் ஒருவருடைய படலையைத் திறந்து, 'சுகமாக இருக்கிறீர்களா?' என்று வினவுவோமாக. நமக்குரிய பங்கு அங்கே காத்திருக்கின்றது.